மென்பொருள் வெளியீட்டுப் பைப்லைனுக்கான சூழல்களை அமைப்பது எப்படி?

நிரலாளர் தம் மடிக்கணினியில் எழுதும் நிரல், பயனரிடம் போய்ச் சேரும் முன் பல இடங்களில் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. முதலில் அவருடைய கணினி, பிறகு பில்ட் (நிரலை ஓடக்கூடிய வடிவில் கட்டுவது) நடக்கும் சர்வர், அடுத்து சோதனையாளர்கள் பயன்படுத்தும் சர்வர், அதன்பின் வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைக்கான ஸ்டேஜிங், கடைசியாகப் பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன். இவை ஒவ்வொன்றையும் அதிலுள்ள இயங்குதளம், நூலகங்கள், தரவுத்தளம், கடவுச்சொற்கள், வெளிச்சேவைகளுக்கான இணைப்புகள் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சூழல் என்கிறோம். இந்தச் சூழல்களின் வழியாக நிரலை ஒரே வரிசையில், ஒரே முறையில், இயன்றவரை கைபடாமல் கொண்டுசெல்லும் ஏற்பாடுதான் வெளியீட்டுப் பைப்லைன்.

“என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது” என்ற பேச்சைக் கேட்காத மென்பொருள் குழு இருக்க முடியாது. அப்படிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருடைய கணினிக்கும் சர்வருக்கும் இடையே யாருக்கும் தெரியாத வேறுபாடு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு சூழல்கள் எல்லா வகையிலும் ஒன்றாக இருக்க முடியாது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள ஒவ்வொரு வேறுபாடும் ஏதாவது ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத வேறுபாடு எதுவும் இருக்கக் கூடாது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒன்றை நிறைவேற்றுவதற்கானவையே.

எத்தனை சூழல்கள் வேண்டும்?

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு மூன்று சூழல்கள் போதும்: ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் இருக்கும் உள்ளூர்ச் சூழல், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன். சோதனையாளர்கள் தனிக் குழுவாக இருந்தால், அவர்கள் சோதித்துக்கொண்டிருக்கும்போதே நிரல் பாதியில் மாறிவிடாமல் இருக்க, அவர்களுக்கென ஒரு சோதனைச் சூழலைச் சேர்க்கலாம். அதற்கு மேல் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இப்போதுள்ள சூழல்களில் தெரிந்துகொள்ள முடியாத எதை இதில் தெரிந்துகொள்ளப் போகிறோம்? இதைப் பராமரிக்கப் போகிறவர் யார்? பொறுப்பாளர் இல்லாத சூழல் சும்மா கிடப்பதோடு நிற்பதில்லை. அதில் கிடைத்த பழைய, தவறான சோதனை முடிவை நம்பி யாராவது வெளியீட்டுக்கு ஒப்புதல் தந்துவிடுவார்கள்.

புரொடக்‌ஷனிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பெரும்பாலோர் தங்கள் கணினியை அமைப்பதில் தொடங்கிப் படிப்படியாகப் புரொடக்‌ஷனுக்குப் போகிறார்கள். இதற்கு நேர்மாறான வழியையே நான் பரிந்துரைப்பேன். முதலில் புரொடக்‌ஷன் எப்படி இருக்கிறது, அல்லது எப்படி இருக்கப் போகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: இயங்குதளமும் அதன் பதிப்பும், பிராசஸரின் வகை, நிரல்மொழியின் பதிப்பு, தரவுத்தளமும் அதன் பதிப்பும், நேர மண்டலம், நினைவகத்தின் அளவு, தொடர்புகொள்ளும் வெளிச்சேவைகள். மற்றச் சூழல்கள் எல்லாம் இந்தப் பக்கத்தைப் பார்த்தே அமைக்கப்பட வேண்டும்.

இந்தப் பட்டியல் வெறும் சடங்கு அல்ல. அதிலுள்ள ஒவ்வொரு வரியின் பின்னாலும் அறிமுகமான ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்புப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேக், விண்டோஸ் கணினிகளின் வழக்கமான அமைப்பு, கோப்புப் பெயரில் பெரிய ஆங்கில எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கிறது. பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு கோப்பை நிரலில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருந்தால், மடிக்கணினியில் அது ஒரு முறைகூடத் தகராறு செய்யாது. லினக்ஸ் சர்வருக்குப் போனதும் கோப்பே இல்லை என்ற பிழை வரும். பிராசஸரும் அப்படித்தான். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் ஏஆர்எம் வகையைச் சேர்ந்தவை. சர்வர்களில் பெரும்பகுதி எக்ஸ்86 வகை. முன்னதில் இயல்பாக பில்ட் செய்த கன்டெய்னர் இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) பின்னதில் தொடங்கவே தொடங்காது. பில்ட் செய்யும்போதே இலக்கு பிராசஸரின் வகையைக் குறிப்பிடுவதுதான் இதற்குத் தீர்வு.

நேர மண்டலச் சிக்கல் இவற்றைவிடத் தந்திரமானது, ஏனெனில் அது பிழைச்செய்தி எதையும் காட்டாது. சர்வர்கள் வழக்கமாக உலகப் பொது நேரமான யூடிசி நேரத்தில் ஓடுகின்றன; நிரலாளரின் கணினியோ அவர் இருக்கும் ஊரின் நேரத்தில் ஓடுகிறது. “இன்றைய பதிவுகள்” என்று கேட்கும் ஒரு நிரல்வரி, நள்ளிரவை ஒட்டிய சில மணி நேரத்துக்கு மட்டும் இரண்டு இடங்களிலும் வெவ்வேறு நாளைக் குறிக்கும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. ஆகவே உள்ளூர்ச் சூழலையும் யூடிசி நேரத்திலேயே ஓட்டுங்கள். பயனருக்குக் காட்டும் கடைசி இடத்தில் மட்டும் அவருடைய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தரவுத்தளத்தில் சமரசமே வேண்டாம். புரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ் இருக்க, எளிமைக்காக உள்ளூரில் எஸ்கியூலைட் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அட்டவணையில் ஒரு பத்தியின், அதாவது நெடுவரிசையின், நீளம் 20 எழுத்து என்று வரையறுத்திருந்தாலும் எஸ்கியூலைட் 200 எழுத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். அட்டவணைகளுக்கு இடையிலான அயல்விசைக் கட்டுப்பாட்டையும் (ஓர் அட்டவணை சுட்டும் பதிவு மற்றதில் இருக்க வேண்டும் என்ற விதி), நீங்களாக இயக்கினால் ஒழிய, அது சோதிக்காது. போஸ்ட்கிரெஸ் இந்த இரண்டு மீறல்களையும் மறுத்துவிடும். இப்படி அமைந்த உள்ளூர்ச் சூழலில் எல்லாச் சோதனைகளும் தேறினாலும், அந்தத் தேர்ச்சிக்குப் பொருள் குறைவு. அதே தரவுத்தளம், அதே முதன்மைப் பதிப்பு என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

உள்ளூர்ச் சூழல்: ஒரே கமாண்டில் எழ வேண்டும்

2013ஆம் ஆண்டில் வெளிவந்த, கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் கருவியான டாக்கர் இந்த வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கிறது. நிரல், அதற்குத் தேவையான தரவுத்தளம், கேஷ், செய்தி வரிசை ஆகிய எல்லாவற்றையும் ஒரு கம்போஸ் கோப்பில் விவரித்து, அந்தக் கோப்பை நிரலோடு சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், புதிதாகச் சேர்பவர் களஞ்சியத்தைத் தம் கணினிக்கு இறக்கி, ஒரு கமாண்டைக் கொடுத்து வேலையைத் தொடங்கலாம். அந்தக் கோப்பில் ஒவ்வொரு இமேஜுக்கும் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். “லேட்டஸ்ட்” என்ற டேகை, அதாவது பெயர்ச்சீட்டைப் பயன்படுத்தாதீர்கள். அது இன்று சுட்டும் இமேஜை அடுத்த மாதம் சுட்டாது. ஆறு மாத இடைவெளியில் சேர்ந்த இருவர் ஒரே கோப்பிலிருந்து இரு வேறு சூழல்களைப் பெற்றுவிடுவார்கள்.

நூலகங்களின் பதிப்பையும் இதே கண்டிப்போடு பூட்டிவைக்க வேண்டும். நூலகங்களை நிறுவித்தரும் என்பிஎம், போயட்ரி, கார்கோ போன்ற கருவிகள் லாக் கோப்பு ஒன்றை உருவாக்குகின்றன; நேரடியாக நீங்கள் கேட்ட நூலகங்கள் மட்டுமன்றி அவை சார்ந்திருக்கும் நூலகங்களின் துல்லியமான பதிப்புகளும் அதில் பதிவாகின்றன. இந்தக் கோப்பைக் கமிட் செய்யாமல் (களஞ்சியத்தில் பதிவுசெய்யாமல்) விடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பைப்லைனில் நிறுவும்போதும் லாக் கோப்பை அப்படியே பின்பற்றும் கமாண்டைப் பயன்படுத்துங்கள். என்பிஎம்மில் “இன்ஸ்டால்” என்பதற்குப் பதிலாக “சிஐ” என்று கொடுத்தால், லாக் கோப்பும் நூலகப் பட்டியலும் பொருந்தாதபோது அது நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

நிறுவல் குறிப்புகள் அடங்கிய ரீட்மீ கோப்பைச் சரிபார்க்கத் தகுதியானவர் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான். அவர் எந்த இடத்தில் யாரிடமாவது சந்தேகம் கேட்க நேர்ந்ததோ, அந்த இடத்தில் ஓர் எழுதப்படாத வேறுபாடு இருக்கிறது. விடையை அவரிடம் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அவரையே கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

அமைப்பு மதிப்புகளும் ரகசியங்களும்

சூழலுக்குச் சூழல் மாற வேண்டியவை சில உண்டு: தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல், வெளிச்சேவைகளின் சாவிகள், நிரல் எழுதும் லாக் பதிவுகளின் விரிவு நிலை. இவற்றை நிரலுக்குள் எழுதாமல், சூழல் மாறிகளாக (இயங்குதளம் வழியாக நிரலுக்குக் கிடைக்கும் மதிப்புகளாக) வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். “புரொடக்‌ஷன் என்றால் இப்படிச் செய், ஸ்டேஜிங் என்றால் அப்படிச் செய்” என்று சூழலின் பெயரைச் சோதிக்கும் வரிகள் நிரலில் தோன்றினால், ஸ்டேஜிங்கில் சோதிக்கவே முடியாத பாதைகள் புரொடக்‌ஷனில் ஓடுகின்றன என்று பொருள். அத்தகைய வரி ஒவ்வொன்றையும் தனியொரு அமைப்பு மதிப்பாக மாற்றுங்கள்.

தேவையான மாறிகள் அனைத்தின் பெயரும், ஒவ்வொன்றும் எதற்கு என்ற ஒருவரி விளக்கமும், போலி மதிப்பும் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்று களஞ்சியத்தில் இருக்கட்டும். உண்மையான மதிப்புகள் உள்ள கோப்பை, கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றுக்கான கிட் இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நிரல் தொடங்கும் அந்த நொடியிலேயே, எல்லா மாறிகளும் இருக்கின்றனவா என்று அது தானே சோதித்து, ஒன்று குறைந்தாலும் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிட வேண்டும். விடுபட்ட மதிப்பு டெப்ளாய் செய்யும்போதே, அதாவது நிரலைச் சர்வரில் ஏற்றும்போதே, தெரிந்தால் அது சிறு தடங்கல். மூன்று நாள் கழித்துப் பயனர் ஒருவர் பணம் செலுத்தும்போது தெரிந்தால் அது வேறு கதை.

ரகசியம் ஏதாவது தவறிப்போய்க் கமிட்டில் சேர்ந்துவிட்டால், அடுத்த கமிட்டில் அதை அழிப்பது தீர்வாகாது. கிட் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். களஞ்சியத்தை இறக்கிய ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கும். அந்தச் சாவியை உடனே செல்லாததாக்கிப் புதிய சாவி பெறுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனிச் சாவிகள் இருந்தால், இப்படி நேரும்போது பாதிப்பு அந்த ஒரு சூழலோடு நிற்கும்.

ஒரு முறை பில்ட் செய்து, அதையே எங்கும் கொண்டுசெல்லுங்கள்

பைப்லைனின் உயிர்நாடி இந்தப் படிதான். சூழலுக்கு ஒரு கிட் கிளை வைத்து, ஒவ்வொரு கிளையிலிருந்தும் தனித்தனியாக பில்ட் செய்யும் முறையைப் பல குழுக்கள் பின்பற்றுகின்றன. பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும் அதில் அடிப்படைக் குறை ஒன்று உண்டு: ஸ்டேஜிங்கில் சோதித்தது ஒன்று, புரொடக்‌ஷனுக்குப் போவது இன்னொன்று. இரண்டு பில்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அடிப்படை இமேஜ் மாறியிருக்கலாம், நூலகம் மாறியிருக்கலாம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் என்பிஎம் பதிவகத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, தங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாதவர்களின் பில்டுகளும் உலகெங்கும் உடைந்தன. ஏற்கெனவே பில்ட் செய்து கையில் வைத்திருந்தவற்றுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

ஆகவே முதன்மைக் கிளையில் ஒரு மாற்றம் சேர்ந்ததும் பைப்லைன் ஒரே ஒரு முறை பில்ட் செய்யட்டும். கிடைக்கும் இமேஜை, இமேஜ்களைச் சேமிக்கும் பதிவகத்தில் வைத்து, கமிட்டின் அடையாள எண்ணை அதன் டேகாக இடட்டும். அதே இமேஜ் சோதனைச் சூழலுக்கும், தேறினால் ஸ்டேஜிங்குக்கும், அங்கும் தேறினால் புரொடக்‌ஷனுக்கும் போகட்டும். டேகை யாராவது மாற்றி ஒட்டிவிட முடியும் என்பதால், டெப்ளாய் செய்யும்போது இமேஜின் ஷா-256 டைஜஸ்டைக் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளத்தை) கொண்டு குறிப்பிடுவது இன்னும் உறுதியானது. நிரலில் ஓர் எளிய பக்கத்தை வைத்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கமிட் எது என்பதை அது காட்டும்படி செய்யுங்கள். எந்தச் சூழலில் எது இருக்கிறது என்ற வாக்குவாதம் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் முடிந்துவிடும்.

இணையப் பக்கங்களின் முன்முகப்பை எழுதுவோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஜாவாஸ்கிரிப்ட் பில்ட் கருவிகள் பல, சூழல் மாறிகளின் மதிப்பை பில்ட் நேரத்திலேயே கோப்புக்குள் பதித்துவிடுகின்றன. ஸ்டேஜிங்கின் ஏபிஐ (முன்முகப்பு சர்வரிடம் தரவு கேட்கும் இடைமுகம்) முகவரி பதிந்த கோப்பைப் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோனால், பயனரின் உலாவி ஸ்டேஜிங்கோடு பேசத் தொடங்கிவிடும். பக்கம் திறக்கும்போது சர்வரிலிருந்து ஒரு சிறு அமைப்புக் கோப்பைப் படித்து, அதிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்ளும்படி முன்முகப்பை எழுதினால் இந்தச் சிக்கல் நீங்கும். அந்தக் கோப்பில் ரகசியம் எதையும் வைத்துவிடாதீர்கள். உலாவிக்குப் போவதை எல்லாரும் படிக்கலாம்.

ஸ்டேஜிங்கில் கவனிக்க வேண்டியவை

ஸ்டேஜிங்கின் பயன் அதிலுள்ள தரவைப் பொறுத்தது. பத்துப் பதிவுகளோடு நொடியில் முடியும் தேடல், பத்து லட்சம் பதிவுகளில் திணறும். புரொடக்‌ஷன் தரவை அப்படியே நகலெடுத்தால் அளவுச் சிக்கல் தீரும். ஆனால் பயனர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் பாதுகாப்புக் குறைந்த ஓரிடத்துக்கு வந்துவிடும். எனவே நகலெடுக்கும் வழியிலேயே இவற்றைப் போலி மதிப்புகளாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். மாற்றாத நகல் ஒரு நிமிடம்கூட ஸ்டேஜிங்கில் இருக்கக் கூடாது. மின்னஞ்சல் அனுப்பும் பகுதியை, எல்லா அஞ்சலையும் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே விடாத சோதனை அஞ்சல் சர்வரோடு இணையுங்கள். பணப் பரிமாற்றச் சேவைகள் தரும், உண்மைப் பணம் கைமாறாத சாண்ட்பாக்ஸ் கணக்கையே இங்கே பயன்படுத்த வேண்டும்.

தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன்களைக் கையால் ஓட்டாதீர்கள்; அவையும் பைப்லைனின் ஒரு படியாக, எல்லாச் சூழல்களிலும் ஒரே வரிசையில் ஓட வேண்டும். ஒரு பத்தியின் பெயரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வெளியீட்டில் மாற்றினால், புதிய நிரல் முழுமையாக ஏறும் வரை ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் உடைந்துவிடும். பிழை கண்டு பின்வாங்கவும் வழியிருக்காது. முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து, நிரல் இரண்டு பத்திகளிலும் எழுதட்டும். பழைய பதிவுகளின் மதிப்பைப் புதிய பத்திக்கு நிரப்பியபின், அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படிக்கட்டும், எழுதுவது இரண்டிலும் தொடரட்டும். அதற்கடுத்த வெளியீட்டில் பழைய பத்தியில் எழுதுவதை நிறுத்துங்கள். பழைய பத்தியை அதற்கும் அடுத்த வெளியீட்டில் நீக்குங்கள். நான்கு வெளியீடுகள் என்பது அதிகமாகத் தோன்றும். ஆனால் எந்தக் கட்டத்திலும் ஒரு படி பின்னால் போக முடியும் என்ற உறுதி அந்த உழைப்புக்குத் தகும்.

புரொடக்‌ஷன்: தவறிச் செய்ய முடியாதபடி பிரித்துவையுங்கள்

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலில் நடந்ததைப் பைப்லைன் அமைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஒன்றில் மட்டும் ஏறாமல் விடுபட்டது. அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய, கைவிடப்பட்ட பகுதி உயிர்பெற்றுத் தொடர்ந்து ஆர்டர்களை அனுப்பியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு இழப்பு ஏற்பட்டது. ஆகவே டெப்ளாய் என்பது பைப்லைன் மட்டுமே செய்யும் வேலையாக இருக்க வேண்டும். ஏற்றி முடித்ததும், ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் கமிட் எண்ணை அதுவே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒன்று மாறுபட்டாலும் வெளியீடு தோல்வி என்று அறிவித்துப் பழைய இமேஜுக்குத் திரும்ப வேண்டும். ஒரே பில்ட் முறையைப் பின்பற்றியிருந்தால் இந்தத் திரும்புதல் எளிது, ஏனெனில் பழைய இமேஜ் பதிவகத்தில் அப்படியே இருக்கிறது.

2017 ஜனவரி 31 அன்று, கிட் களஞ்சியச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு வகை. துணைத் தரவுத்தள சர்வரில் கொடுப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரில் தரவு அடைவை நீக்கும் கமாண்டை ஒரு பொறியாளர் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே எஞ்சியது. காப்பு நகலைத் தேடியபோதுதான், போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவியால் நகலெடுக்க முயன்று அந்த வேலை சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. முன்னே சொன்ன எழுதப்படாத பதிப்பு வேறுபாடு இங்கே காப்பு நகலையே பறித்துவிட்டது. கடைசியில், ஸ்டேஜிங்குக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த நகலிலிருந்து தரவை மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது போனதுதான். இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது, மற்றவர்களுக்குப் பெரும் உதவி.

இந்த நிகழ்விலிருந்து உங்கள் அமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை நேரடியானவை. புரொடக்‌ஷனுக்குத் தனிக் கிளவுட் கணக்கு, தனி உள்நுழைவு. அதன் டெர்மினலில் சூழலின் பெயர் சிவப்பு நிறத்தில் எப்போதும் தெரிய வேண்டும். அன்றாட வேலைக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். மாற்றும் உரிமையைக் குறிப்பிட்ட நேரத்துக்கு, காரணத்தைப் பதிவுசெய்து பெற வேண்டும். காப்பு நகல் எடுக்கப்படுகிறது என்ற செய்தியை நம்பாமல், அதை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்க்கும் வேலையைப் பைப்லைனிலேயே வாராந்திர வேலையாக அமையுங்கள்.

எந்த வரிசையில் தொடங்குவது?

நிரல் முழுமையடையும் வரை பைப்லைனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டும் நிரலை எழுதி, அதை உள்ளூரிலிருந்து புரொடக்‌ஷன் வரை முழுப் பாதையிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் சிஐ, ஜென்கின்ஸ் ஆகிய பைப்லைன் கருவிகளில் எதை எடுத்தாலும் இதைச் செய்யலாம். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் வாரக்கணக்கில் செலவிடத் தேவையில்லை. பாதை திறந்துவிட்டால் சோதனைகளையும் மைக்ரேஷனையும் ஒப்புதல் படியையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சர்வர்களை இணையத் திரையில் சொடுக்கி உருவாக்காமல், டெராஃபார்ம் போன்ற கருவியின் கோப்புகளில் விவரித்து, அந்தக் கோப்புகளையும் களஞ்சியத்தில் வையுங்கள்.

எல்லாம் அமைந்தபின் ஒரு சோதனை மீதமிருக்கிறது. வேலை குறைவான ஒரு நாளில், குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஸ்டேஜிங் சூழலை முழுவதுமாக அழியுங்கள். பிறகு களஞ்சியத்தில் உள்ள கோப்புகளையும் கடவுச்சொற்களும் சாவிகளும் வைத்திருக்கும் ரகசியப் பெட்டகத்தையும் மட்டும் கொண்டு அதை மீண்டும் எழுப்புங்கள். வழியில் யாராவது சர்வருக்குள் நுழைந்து கையால் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், அதை அந்த இடத்திலேயே குறித்துவைத்து, அன்று மாலைக்குள் ஸ்கிரிப்டாக மாற்றிக் கமிட் செய்யுங்கள். அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாமல் ஸ்டேஜிங் எழும் வரை இதை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை திரும்பச் செய்து பாருங்கள்.